பைத்தான் ஃபங்ஷன்களுக்கு டைப் குறிப்பது எப்படி: டைல்ஸ் பட்டறைக் கணக்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஃபங்ஷன் என்ன வாங்குகிறது, என்ன திருப்பித் தருகிறது என்பதை அதன் முதல் வரியிலேயே எழுதிவைப்பதுதான் டைப் ஹின்ட். எழுதுவது சுலபம். எந்த வரிசையில் எழுதுவது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் சறுக்குகிறார்கள். மேலிருந்து கீழாக எல்லா ஃபங்ஷனுக்கும் கைக்கு வந்த டைப்பைப் போட்டுவிட்டு, சோதிக்கும் கருவியை ஓட்டாமலேயே வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். அப்படி எழுதிய டைப் ஹின்ட் எந்தத் தவறையும் பிடிக்காது.

எடுத்துக்காட்டுக்கு, ஆத்தங்குடியில் கையால் டைல்ஸ் வார்க்கும் ஒரு பட்டறையின் ஆர்டர் கணக்கை எடுத்துக்கொள்வோம். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுக்குத் தளம் மாற்றுகிறவர் முகப்பு, பட்டாலை, வளவு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியின் நீள அகலத்தையும் சொல்வார். எத்தனை கல் வேண்டும், எவ்வளவு பணம் என்று ஸ்கிரிப்ட் சொல்ல வேண்டும். கையால் வார்க்கிற கல் என்பதால் அடுத்த தடவை வார்க்கும்போது நிறம் கொஞ்சம் முன்பின் ஆகலாம். வெட்டும்போதும் உடைந்தும் வீணாகும் கழிவையும் சேர்த்து ஒரே தடவையில் ஆர்டர் எடுக்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கை தப்பக் கூடாது.

கோடில் வரும் பைத்தான் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம்: டெஃப், ரிட்டர்ன், இன்ட், ஸ்ட்ர், ஃப்ளோட், நன், லிஸ்ட், டிக்ட் போன்றவை. நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஃபங்ஷன் பெயர், மாறிகளின் பெயர் ஆகியவற்றைத் தமிழிலேயே வைக்கலாம். பைத்தான் 3 ஏற்றுக்கொள்ளும்.

## 1. தொடங்கும் முன் வேண்டியவை

பைத்தான் 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். `லிஸ்ட்[இன்ட்]` என்று நேரடியாக எழுதும் வசதி 3.9இல் வந்தது, "இதுவோ அதுவோ" என்பதற்கு `|` போடும் வசதி 3.10இல் வந்தது. பழைய பதிப்பில் இருந்துகொண்டு இந்தக் குறிகளைப் போட்டால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்போதே விழுந்துவிடும். பழி டைப் ஹின்ட் மேல் போகும்.

அடுத்து, சோதிக்கும் கருவி. கோடை ஓட்டாமலேயே படித்து, குறித்த டைப்புகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் மைபையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அந்த வேலைக்கென்று ஒரு தனி வென்வ் (மற்ற வேலைகளோடு கலக்காத தனி பைத்தான் சூழல்) திறந்து, அதற்குள் பைத்தானின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவுங்கள். ஸ்கிரிப்ட் எந்த நூலகங்களைப் பயன்படுத்துகிறதோ அவையும் அதே வென்வுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் மைபைக்கு அந்த நூலகங்களின் டைப் தெரியாது. தெரியாததையெல்லாம் அது 'எனி', அதாவது எதுவாகவும் இருக்கலாம், என்று எடுத்துக்கொள்ளும். 'எனி' ஆகிவிட்ட இடத்தில் எதையும் சோதிக்காது.

மூன்றாவது, இப்போது சரியாக ஓடும் ஒரு ஸ்கிரிப்டும், விடை தெரிந்த ஓர் ஆர்டரும். பட்டாலை 20 அடிக்கு 15 அடி, கல் 10 அங்குலம், கழிவு 5 சதவீதம்: 454 கல். இதைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டைப் குறிக்கும்போது கணக்கே மாறிவிடக் கூடாது. ஒவ்வொரு படிக்குப் பின்னும் இந்த விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

## 2. பைத்தான் தானாகத் தடுக்காது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்

இந்த ஒரு விஷயம் புரியாமல் மேலே போனால் எல்லாமே குழம்பும். இதை ஓட்டிப் பாருங்கள்:

```
டெஃப் இரு_அறைக்கு(கற்கள்: இன்ட்) -> இன்ட்:
    ரிட்டர்ன் கற்கள் * 2

பிரின்ட்(இரு_அறைக்கு("120"))
```

டைப் 'இன்ட்' என்று எழுதியிருந்தும் பைத்தான் முணுமுணுக்காமல் ஓட்டும். திரையில் வருவது 120120. மேற்கோளுக்குள் இருக்கும் 120 ஓர் எழுத்துச் சரம். சரத்தை 2ஆல் பெருக்கினால் அதை இரண்டு முறை ஒட்டித்தரும். பிழைச் செய்தியே வராது. 240 கல் கேட்டவருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரத்து நூற்றிருபது கல்லுக்கு பில் போகும்.

இப்போது அதே கோப்பை மைபை கொண்டு ஓட்டுங்கள். கோப்பின் பெயர், வரி எண், 'ஸ்ட்ர்' வந்திருக்கிறது, 'இன்ட்' எதிர்பார்க்கப்பட்டது என்ற விவரம், கடைசியில் சதுர அடைப்புக்குள் 'ஆர்க்-டைப்' என்ற குறியீடு ஆகியவற்றோடு ஒரு பிழை வரும். தவறைப் பிடிப்பது பைத்தான் இல்லை, மைபை. கோடை மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஓட்டுவதே இனி பழக்கமாக வேண்டும்.

## 3. எந்த ஃபங்ஷனில் தொடங்குவது

அடியில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். வேறு எந்தச் சொந்த ஃபங்ஷனையும் கூப்பிடாமல், எண்ணை வாங்கி எண்ணைத் தரும் வெறும் கணக்கு ஃபங்ஷன்கள் முதலில். பிறகு அவற்றைக் கூப்பிடுபவை. அதற்குப் பிறகு கோப்பைப் படிப்பவை, பில் அச்சிடுபவை. எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் 'மெயின்' கடைசியில்.

காரணம் இருக்கிறது. டைப் குறிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அது தருவதை மைபை 'எனி' என்றுதான் எடுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் ஃபங்ஷனுக்கு முதலில் டைப் போட்டால், கீழிருந்து வருவதெல்லாம் 'எனி'யாகவே இருக்கும். எல்லாம் சரி என்று மைபை சொல்லும். கீழே டைப் போட்ட அன்றுதான் மேலே பிழைகள் கொட்டும். கீழிருந்து மேலே வந்தால் ஒவ்வொரு படியிலும் வரும் பிழை அந்தப் படியின் பிழையாகவே இருக்கும்.

கூடவே இன்னொன்று. முதல் வரியில் ஒரு டைப்பும் இல்லாத ஃபங்ஷனின் உள்ளே மைபை எட்டியே பார்க்காது. ஆர்குமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) வாங்காத, எதையும் திருப்பித் தராத `டெஃப் மெயின்():` போன்றவற்றில் இது அடிக்கடி நடக்கும். குறிக்க ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். அதற்குள் இருக்கும் முப்பது வரியும் சோதனையில்லாமல் போய்விடும். `டெஃப் மெயின்() -> நன்:` என்று எழுதினால் போதும், உள்ளே பார்க்கத் தொடங்கும்.

## 4. ரிட்டர்ன் டைப்பை முதலில் எழுதுங்கள்

ஒரு ஃபங்ஷனை எடுத்தவுடன் ஆர்குமென்ட் பக்கம் போகாதீர்கள். எல்லா `ரிட்டர்ன்` வரிகளையும் விரலால் தொட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வழியிலும் ஒரே வகை மதிப்புதான் வெளியே போகிறதா? சிறுசிறு ஸ்கிரிப்ட்களில் அப்படி இருப்பது அபூர்வம். கல் இருந்தால் எண்ணிக்கை, இல்லையென்றால் "இருப்பு இல்லை" என்ற சரம், தவறான அளவு கொடுத்தால் ஒன்றுமே இல்லை என மூன்று வகை போகும்.

இந்த மூன்றையும் `|` போட்டுச் சேர்த்து எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். கூப்பிடுகிற ஒவ்வோர் இடத்திலும் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டிவரும். ஃபங்ஷன் எண்ணை மட்டும் தரட்டும். தவறான அளவு வந்தால் `ரெய்ஸ் வேல்யூஎர்ரர்` போட்டு அங்கேயே நிறுத்தட்டும். "இருப்பு இல்லை" என்ற சொல்லை பில் அச்சிடும் ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளட்டும். ரிட்டர்ன் டைப்பை நேர்மையாக எழுத முயன்றாலே ஃபங்ஷன் எங்கே கோணலாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். ரிட்டர்னை முதலில் எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

ஏதோ ஒரு `இஃப்` கிளையில் ரிட்டர்ன் எழுத மறந்திருந்தால், ரிட்டர்ன் வரி இல்லை என்று மைபை சொல்லும். பைத்தான் அந்த வழியில் சத்தமில்லாமல் 'நன்' தந்துகொண்டிருந்திருக்கும்.

இரண்டு மதிப்பு (எண்ணிக்கையும், டெசிமல் என்ற தசம எண் டைப்பில் பணமும்) சேர்ந்து வெளியே போனால் `-> டியூப்பிள்[இன்ட், டெசிமல்]` என்று எழுத வேண்டும். `-> (இன்ட், டெசிமல்)` என்று எழுதுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பைத்தான் ஓட்டிவிடும், மைபை ஏற்காது. `-> [இன்ட்]` என்பதும் அப்படியே; அது `லிஸ்ட்[இன்ட்]` ஆக வேண்டும்.

## 5. ஆர்குமென்ட் டைப்

இப்போது கணக்கு ஃபங்ஷனை முழுதாக எழுதலாம். எல்லா அளவும் அங்குலத்தில்:

```
டெஃப் கல்_எண்ணிக்கை(நீளம்: இன்ட், அகலம்: இன்ட், பக்கம்: இன்ட், கழிவு: இன்ட் = 5) -> இன்ட்:
    மேல் = நீளம் * அகலம் * (100 + கழிவு)
    கீழ் = பக்கம் * பக்கம் * 100
    ரிட்டர்ன் -(-மேல் // கீழ்)
```

240, 180, 10 கொடுத்தால் 453.6 வந்து, மேல்நோக்கி முழு எண்ணாகி 454 கிடைக்கும். `//` கீழ்நோக்கி முழு எண்ணாக்கும் என்பதால் இரு பக்கமும் கழித்தல் குறி போட்டு மேல்நோக்கித் திருப்பியிருக்கிறோம்.

பெயருக்குப் பின் முக்காற்புள்ளி, பிறகு டைப், அதற்குப் பின்தான் சமக்குறியும் இயல்பு மதிப்பும். இந்த வரிசையில்தான் கொடுமையான ஒரு தவறு நடக்கிறது: `கழிவு=இன்ட்` என்று எழுதிவிடுவது. பார்வைக்கு டைப் குறித்தது போலவே இருக்கும். உண்மையில் கழிவின் இயல்பு மதிப்பாக 'இன்ட்' என்ற கிளாஸையே வைத்துவிட்டீர்கள். நாலு மதிப்பும் கொடுத்துக் கூப்பிடும்வரை ஒன்றும் தெரியாது. யாராவது கழிவைச் சொல்லாமல் விட்ட அன்று, 100ஐயும் ஒரு கிளாஸையும் கூட்ட முடியாது என்று ஸ்கிரிப்ட் விழும். அந்த ஃபங்ஷனில் வேறு டைப்பே இல்லையென்றால் மைபையும் உள்ளே பார்த்திருக்காது.

கழிவு ஏன் 'ஃப்ளோட்' இல்லை, 'இன்ட்'? பைத்தானில் `100 * 1.1` என்று கேட்டுப் பாருங்கள்: 110.00000000000001 வரும். இதை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால் 110க்குப் பதில் 111. டைப் எல்லாம் சரியாகவே இருக்கும், மைபை வாய் திறக்காது, கல் மட்டும் ஒன்று கூடும். எண்ணிக்கை, சதவீதம், அங்குலம் போன்று முழு எண்ணாக வைக்க முடிகிறதை முழு எண்ணாகவே வையுங்கள்.

ஃப்ளோட் கேட்கிற இடத்தில் இன்ட் கொடுத்தால் மைபை ஏற்கும். இன்ட் கேட்கிற இடத்தில் ஃப்ளோட் கொடுத்தால் ஏற்காது. இன்ட் கேட்கிற இடத்தில் 'ட்ரூ' கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் பைத்தானில் 'பூல்' என்பது 'இன்ட்'டின் வாரிசு. `கழிவு=ட்ரூ` என்று யாராவது எழுதினால் 1 சதவீதக் கழிவோடு கணக்கு ஓடும்.

## 6. வெளியிலிருந்து வருவதை வாசலிலேயே மாற்றுங்கள்

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் இந்தப் படியை மறக்க வேண்டாம். பயனர் தட்டியது, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பிலிருந்து வந்தது, வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியது எல்லாமே சரம். அவற்றை எண்ணாக மாற்றும் வேலையை ஒரே ஓர் ஃபங்ஷனில் வையுங்கள். அதைத் தாண்டி உள்ளே போவது எண்ணாக மட்டுமே இருக்க வேண்டும்.

```
டெஃப் எண்ணாக(உரை: ஸ்ட்ர்) -> இன்ட்:
    ரிட்டர்ன் இன்ட்(உரை.ரிப்ளேஸ்(",", ""))
```

காற்புள்ளியை நீக்குவது எதற்கு? `இன்ட்("1,200")` வேல்யூஎர்ரரில் விழும். `இன்ட்("120.0")` விழும். வெற்றுச் சரமும் விழும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தால் பரவாயில்லை, இன்ட் தானே கவனித்துக்கொள்ளும். தமிழ் எண்களையும் அது படிக்கும்: `இன்ட்("௧௨௦")` என்றால் 120 வரும். "120 கல்" என்று வந்தால் விழட்டும், விடுங்கள். வாசலில் விழுவது நல்லது. உள்ளே போய் 120120 ஆவதுதான் ஆபத்து.

சிஎஸ்விக்கும், பெயரும் மதிப்புமாகத் தரவை வைக்கும் ஜேசன் கோப்புக்கும் இங்கே பெரிய வித்தியாசம் உண்டு. சிஎஸ்வி ரீடர் ஒவ்வொரு வரியையும் `லிஸ்ட்[ஸ்ட்ர்]` ஆகத் தரும் என்று மைபைக்குத் தெரியும். மாற்றாமல் உள்ளே அனுப்பினால் பிடித்துவிடும். ஜேசன் லோட் தருவதோ 'எனி'. அதிலிருந்து எடுத்ததை எந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தாலும் மைபை தலையாட்டும். கோப்பில் 120 மேற்கோளுக்குள் இருந்தாலும் தெரியாது. `அளவு: இன்ட் = தரவு["அளவு"]` என்று எழுதுவதால் எதுவும் மாறாது; எழுதினவர் நம்பிக்கை அது, சோதனை இல்லை. ஜேசனிலிருந்து வரும் ஒவ்வொரு மதிப்பையும் `ஐஸ்இன்ஸ்டன்ஸ்` போட்டுப் பாருங்கள். புலங்கள் நிறைய என்றால் பைடான்டிக் போன்ற நூலகத்திடம் அந்த வேலையை விடுங்கள்.

ஒரு மாறிக்கு மைபை என்ன டைப் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், அதற்கு அடுத்த வரியில் `ரிவீல்_டைப்(மாறி)` என்று எழுதி மைபையை ஓட்டுங்கள். 'எனி' என்று வந்தால் ஓட்டை அங்கேதான். பார்த்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். இம்போர்ட் செய்யாமல் அப்படியே விட்டால் ஸ்கிரிப்ட் ஓடும்போது பெயர் தெரியவில்லை என்று நின்றுவிடும்.

## 7. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்றால்

முன்பணம் கொடுத்தவரும் உண்டு, இன்னும் பேசியே முடிக்காதவரும் உண்டு. அதை `முன்பணம்: இன்ட் | நன் = நன்` என்று எழுதுங்கள். `முன்பணம்: இன்ட் = நன்` என்பது முன்பு நடந்தது; மைபை 0.990 பதிப்பிலிருந்து இயல்பாக ஏற்பதில்லை.

உள்ளே சரிபார்க்கும்போது `இஃப் முன்பணம் இஸ் நன்` என்று எழுத வேண்டும். `இஃப் நாட் முன்பணம்` என்று எழுதினால் முன்பணம் 0 என்று பேசி முடித்தவரும், பேசாதவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். மைபை இரண்டையும் ஏற்கும் என்பதால் இதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

விலைப்பட்டியலை டிக்டில் வைத்து `.கெட்` போட்டு எடுத்தால், கிடைப்பது விலையாகவும் இருக்கலாம், நன்னாகவும் இருக்கலாம். அதை அப்படியே பெருக்கப் போனால் மைபை தடுக்கும். அந்தப் பிழையை வாயடைக்க `.கெட்("12", 0)` என்று எழுதுவதைப் பல இடத்தில் பார்க்கலாம். பட்டியலில் இல்லாத கல்லுக்கு விலை 0 ரூபாய் என்று பில் போடுவதற்குச் சமம் அது. நன் வந்தால் இந்த அளவுக்கு விலை இல்லை என்று நிறுத்துங்கள்.

## 8. லிஸ்ட், டிக்ட், ஆர்டர்

வெறும் `லிஸ்ட்` என்று எழுதாதீர்கள். உள்ளே இருப்பது 'எனி' ஆகிவிடும். `லிஸ்ட்[இன்ட்]`, `டிக்ட்[ஸ்ட்ர், இன்ட்]` என்று உள்ளடக்கத்தையும் சொல்லுங்கள். 'எனி' உண்மையிலேயே வேண்டுமென்றால் அதை டைப்பிங் தொகுப்பிலிருந்து பெரிய எழுத்தோடு இம்போர்ட் செய்ய வேண்டும். சிறிய எழுத்தில் தட்டினால் அது பைத்தானின் சொந்த ஃபங்ஷன் ஒன்றின் பெயர், டைப் ஆகாது.

ஆர்குமென்டில் ஒரு நுணுக்கம். `லிஸ்ட்[ஃப்ளோட்]` கேட்கும் ஃபங்ஷனுக்கு, `லிஸ்ட்[இன்ட்]` என்று அறிவித்த மாறியைக் கொடுத்தால் மைபை மறுக்கும். தனி இன்டை ஏற்கிறதே, லிஸ்டை ஏன் ஏற்கவில்லை என்று பலர் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். உள்ளே போன லிஸ்டில் அந்த ஃபங்ஷன் 7.5ஐச் சேர்த்துவிடலாம், வெளியே இருப்பவர் இன்னும் அதை முழு எண்களின் லிஸ்ட் என்றே நம்பிக்கொண்டிருப்பார். அதனால்தான் மறுப்பு. ஃபங்ஷன் லிஸ்டை மாற்றப்போவதில்லை, படிக்க மட்டும்தான் என்றால் `சீக்வென்ஸ்[ஃப்ளோட்]` என்று கேளுங்கள், பிரச்சினை போய்விடும். வாங்கும்போது தாராளமாக சீக்வென்ஸ், தரும்போது கறாராக லிஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

`சீக்வென்ஸ்[ஸ்ட்ர்]` மட்டும் விதிவிலக்கு. அறைப் பெயர்களின் பட்டியல் கேட்கும் இடத்தில் "வளவு" என்று ஒற்றைச் சரத்தைக் கொடுத்தாலும் மைபை ஏற்கும், ஏனென்றால் சரமும் எழுத்துகளின் வரிசைதான். ஃபங்ஷன் வ, ள, வ, ு என்று குறி குறியாக அறை தேடும். சரங்களின் பட்டியலுக்கு `லிஸ்ட்[ஸ்ட்ர்]` என்றே கேட்பது பாதுகாப்பு.

ஓர் ஆர்டரின் விவரங்களை டிக்டில் போட்டுச் சுமக்க வேண்டாம். அறை சரம், அளவு எண், முன்பணம் இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்று மதிப்புகள் பலவகையாகக் கலந்தால் `டிக்ட்[ஸ்ட்ர், எனி]` என்றுதான் முடியும். ஒவ்வொரு விவரத்துக்கும் பெயரும் டைப்பும் குறித்துவைக்கும் டேட்டாகிளாஸ் போடுங்கள்:

```
@டேட்டாகிளாஸ்
கிளாஸ் ஆர்டர்:
    அறை: ஸ்ட்ர்
    நீளம்: இன்ட்
    அகலம்: இன்ட்
    பக்கம்: இன்ட்
    முன்பணம்: இன்ட் | நன் = நன்
```

பிறகு ஃபங்ஷன்கள் `ஆர்டர்` என்ற ஒரே டைப்பை வாங்கும். தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இதில் இன்னொரு லாபம். 'கொ' போன்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாறிகளின் பெயர்களைப் பைத்தான் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். டிக்டின் சாவியாக இருக்கும் சரத்தை அது தொடாது. சாவி இல்லை என்று பிழை வரும், ஏன் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

## 9. அடியும் அங்குலமும் கலக்காமல்

கொத்தனார் அறையை அடியில் சொல்வார். கல்லோ 8, 10, 12 அங்குலம். இரண்டுமே 'இன்ட்' என்பதால் `கல்_எண்ணிக்கை(20, 15, 10)` என்று எழுதினால் மைபை மகிழ்ச்சியாகத் தலையாட்டும். முந்நூறு சதுர அடிப் பட்டாலைக்கு 4 கல் என்று விடை வரும். அது அப்பட்டமாகத் தெரிவதால் தப்பிப்போம். நீளம் மட்டும் அங்குலத்திலும் அகலம் அடியிலும் போனால் 38 வரும். சின்ன அறையாக இருக்கும்போல என்று யாரும் நம்பிவிடலாம்.

இதற்கு, ஒரே 'இன்ட்'டைத் தனித்தனி டைப்பாகப் பிரித்துக் காட்டும் நியூடைப் டைப்பிங் தொகுப்பில் இருக்கிறது:

```
அடி = நியூடைப்("அடி", இன்ட்)
அங்குலம் = நியூடைப்("அங்குலம்", இன்ட்)

டெஃப் அங்குலமாக(அளவு: அடி) -> அங்குலம்:
    ரிட்டர்ன் அங்குலம்(அளவு * 12)
```

மேற்கோளுக்குள் உள்ள பெயரும் இடப்பக்கப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்போது கல்_எண்ணிக்கையிலும் ஆர்டரிலும் நீளம், அகலம், பக்கம் மூன்றையும் `அங்குலம்` என்று மாற்றுங்கள். அடியைக் கொடுத்தால் மைபை தடுக்கும். வெறும் 20 கொடுத்தாலும் தடுக்கும். ஓடும்போது இவை சாதாரண முழு எண்களே. பெருக்கினால், கூட்டினால் கிடைப்பது மறுபடி வெறும் 'இன்ட்' ஆகிவிடும், மேலே திரும்பவும் `அங்குலம்(...)` போட்டு மூடியிருப்பது அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் நியூடைப் போட ஆரம்பித்தால் கோடு படிக்க முடியாமல் போகும். ஒன்றுக்கு மற்றொன்று தவறிப்போய்க் காசு நஷ்டமாகும் அளவுகளுக்கு மட்டும் போதும்.

பணத்துக்கு டெசிமல். `டெசிமல்("62.50")` என்று மேற்கோளுக்குள் கொடுங்கள், மேற்கோள் இல்லாமல் 0.1 கொடுத்தால் ஃப்ளோட்டின் பிசிறும் சேர்ந்தே உள்ளே போகும், மைபை அதைப் பிடிக்காது. டெசிமலை ஃப்ளோட்டால் பெருக்கினால் மைபையும் தடுக்கும், பைத்தானும் ஓடும்போது டைப்எர்ரரில் நிறுத்தும். பணக் கணக்கில் இந்தப் பிடிவாதம்தான் நமக்கு வேண்டும்.

## 10. மைபையைப் படிப்படியாக இறுக்குங்கள்

முதல் நாளே 'ஸ்ட்ரிக்ட்' (மைபையின் கடுமையான சோதனைகளை ஒன்றாக இயக்கும் அமைப்பு) போடாதீர்கள். பழைய ஸ்கிரிப்டில் திரை நிறையப் பிழை வரும். முக்கியமானது எது என்றே தெரியாமல் எல்லாவற்றையும் அணைத்துவிடுவீர்கள். இந்த வரிசை நன்றாக வேலை செய்கிறது.

முதலில் `செக்_அன்டைப்ட்_டெஃப்ஸ்` என்ற மைபை அமைப்பு. டைப் குறிக்காத ஃபங்ஷன்களின் உள்ளேயும் மைபை பார்க்கத் தொடங்கும். நீங்கள் இன்னும் கை வைக்காத இடங்களிலும் பிழைகள் வெளியே வரும்.

கணக்கு ஃபங்ஷன்கள் எல்லாவற்றுக்கும் குறித்து முடித்ததும், அந்த மாட்யூலுக்கு மட்டும் `டிஸ்அலவ்_அன்டைப்ட்_டெஃப்ஸ்`. இனி யாரும் அங்கே டைப் இல்லாமல் புது ஃபங்ஷன் சேர்க்க முடியாது. மாட்யூல் மாட்யூலாக இதை விரித்துக்கொண்டு போங்கள். எல்லாம் முடிந்த பிறகு `ஸ்ட்ரிக்ட்`.

சில நூலகங்களுக்கு டைப் விவரம் கூடவே வராது. மைபை அதைச் சொல்லும். சிலவற்றுக்கு எந்தத் தனித் தொகுப்பை நிறுவ வேண்டும் என்றும் சொல்லும். ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு 'டைப்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ்' என்று இருப்பது போல. விவரமே கிடைக்காத நூலகத்துக்கு `இக்னோர்_மிஸ்ஸிங்_இம்போர்ட்ஸ்` போடலாம். அந்த ஒரு நூலகத்துக்கு மட்டும். மொத்தத் திட்டத்துக்கும் போட்டால், நூலகத்தை வென்வுக்குள் நிறுவ மறந்த பிழையும் அதிலேயே மறைந்துவிடும்.

தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு வரியை மட்டும் விலக்க `# டைப்: இக்னோர்[ஆர்க்-டைப்]` என்று குறியீட்டோடு எழுதுங்கள். குறியீடு இல்லாமல் எழுதினால் அந்த வரியில் நாளை வரும் வேறு பிழையும் தெரியாமல் போகும். கூடவே `வார்ன்_அன்யூஸ்ட்_இக்னோர்ஸ்` போட்டுவையுங்கள். தேவை தீர்ந்த விலக்குகளை மைபையே காட்டிக்கொடுக்கும். `காஸ்ட்` போட்டு டைப்பை மாற்றுவதும் விலக்குதான். அது மதிப்பை மாற்றாது. `காஸ்ட்(இன்ட், "120")` போட்ட பிறகும் உள்ளே இருப்பது சரமே. எண்ணாக மாற்ற வேண்டிய இடத்தில் இதை எழுதினால் 120120 மறுபடி வரும், இந்தத் தடவை மைபையின் சம்மதத்தோடு.

கடைசியாக, கோடைப் பதிவேற்றும் முன் மைபை தானாக ஓடும்படி கிட் கமிட்டில் (கோடின் மாற்றத்தைப் பதிவுசெய்யும் படியில்) கட்டிவிடுங்கள். அதே இடத்தில், காகிதத்தில் எழுதிவைத்த அந்த 454 கல் ஆர்டரையும் ஒரு சோதனையாக எழுதிச் சேருங்கள். அடியும் அங்குலமும் மாறிப்போனதை மைபை சொல்லும். ஃபார்முலாவில் 100க்குப் பதில் 10 போட்டதை அந்தச் சோதனைதான் சொல்லும்.